கணவாயைக் கடந்த கணிதம்

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னதாக ஊரிலிருந்து பஞ்சாங்கம் ஒன்று வந்து சேர்வது நெடுநாளைய வழக்கம். அமாவாசை எந்நாள், கிருத்திகை எந்நாள், பாட்டனாரின் திதி எப்போது என்று அறிவதற்காக அதனைப் புரட்டுகிறோம். அறிந்தபின் ஆணியில் மாட்டிவிடுகிறோம். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு நீண்ட கணக்கின் விடை என்பது நம் நினைவில் எழுவதில்லை. அக்கணக்கை அமைத்தவர் யார், அதனை வழிவழியாகச் செய்து வந்தவர் யார் என்றும் நாம் கேட்பதில்லை. இன்று பஞ்சாங்கமே கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. விடைக்கும் நமக்கும் இடையே நின்ற மனிதர் முற்றிலும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். அம்மனிதரையும் அவருக்கு முன்னிருந்தோரையும் சற்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி என்றால் இன்று நாம் ஒரு பொறியை நினைக்கிறோம். ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் பல தலைமுறைக் காலம் மனிதரையே குறித்தது. அலுவலகத்தில் அமர்ந்து, கொடுக்கப்பட்ட விதிப்படி நாள் முழுவதும் கணக்குப் போடுபவருக்கு அப்பெயர். இந்திய நில அளவைத் துறையில் 1831இல் அத்தகைய கணிப்பாளராகச் சேர்ந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். இமயத்தின் பதினைந்தாம் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்பது 1852ஆம் ஆண்டளவில் அவருடைய கணக்கால் தெளிவாயிற்று. ஆனால் சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயரோ எவரெஸ்ட் என்னும் அதிகாரியின் பெயர். கணக்கிட்டவர் மறைவதும் கணக்கு நிலைப்பதும் உலகெங்கும் நடப்பதே. அதன் நம் பக்கத்து வரலாறு, தமிழகத்துக்கும் மலையாள நாட்டுக்கும் எல்லையாக நிற்கும் மலைத்தொடரின் இருமருங்கிலும் நிகழ்ந்தது.

மேற்கு மலைத்தொடர் நெடுஞ்சுவராக நிற்கிறது. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில், பாலக்காட்டருகே, அச்சுவர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அவ்வழியாகக் காற்றும் மழையும் வணிகரும் படைகளும் சென்றதுபோலவே, சோழநாட்டிலிருந்து குடும்பங்கள் பல சென்று பாலக்காட்டு அக்கிரகாரங்களில் குடியேறின. கல்பாத்தியில் ஐப்பசி இறுதியில் தேர் ஓடுகிறது. அங்கிருந்து தெற்கே சென்றால் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும், அதனைச் சூழ்ந்த தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய இடுக்கி மலைப்பகுதிகளும் உள்ளன. குமுளிக்கு அருகே எல்லை மலையின் மீது மங்கலதேவி எனப்படும் கண்ணகி கோயில் இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் அக்கோயிலுக்கு மக்கள் செல்ல ஆண்டில் ஒரே நாள்தான் அனுமதி உண்டு. அது சித்திரா பௌர்ணமி. தேனிப் பக்கத்திலிருந்தும் இடுக்கிப் பக்கத்திலிருந்தும் பல்லாயிரவர் அந்நாளில் மலையேறுகின்றனர். நாளைத் தவறாகக் கணித்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான். கல்பாத்தித் தேரும் கண்ணகி கோட்டமும் ஆகிய இரண்டும் ஒரு கணக்கையே நம்பி நிற்கின்றன.

அக்கணக்கில் கடினமான பகுதி நிலவுதான். பஞ்சாங்கம் என்பது வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளை உடையது. இவற்றுள் வாரம் நீங்கலாக ஏனைய நான்கிற்கும் நிலவு எங்கே நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். நிலவோ ஒரே சீராக நடப்பதில்லை. ஒரு நாள் பன்னிரண்டு பாகை நகர்கிறது. மற்றொரு நாள் பதினைந்து பாகைக்கு அருகில் ஓடுகிறது. இந்த வேக வேறுபாட்டைக் கோட்பாட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிடுவதென்றால், கற்றறிந்தவருக்கும் அது பெரும் உழைப்பாகும். ஓரூரில் ஒருவர் கற்றறிந்திருக்கலாம். ஊர்தோறும் அத்தகையவர் இருப்பது அரிது. ஆயினும் ஊர்தோறும் நாள் பார்த்தாக வேண்டும். இந்த இடரைத் தீர்த்தவர்களே நாம் நினைவுகூர வேண்டிய முன்னோடிகள்.

அவர்களுள் முதல்வராக மரபு கூறுவது வரருசியை. நிலவுக்குரிய வாக்கியங்களை அவரே யாத்தார் என்பர். பாலக்காட்டு மாவட்டத்து மக்களுக்கோ வரருசி வெறும் வானநூலார் அல்லர். பறைச்சி பெற்ற பன்னிரு குலத்தின் தந்தை. மேழத்தூர் அக்னிஹோத்திரியும், ராயிரநல்லூர்க் குன்றின்மீது பாறையை உருட்டி ஏற்றி, அது உருண்டு வீழ்வது கண்டு கைகொட்டிச் சிரித்த நாராணத்துப் பிராந்தனும் அவர் மக்கள் என்பது கதை. இக்கதைகளை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் கணிதத்தோடு கலந்த ஒரு பெயர், குலம் பல கூடிய ஒரு குடும்பத்தின் தலைமைப் பெயராக மக்கள் நாவில் வாழ்வது கருதத்தக்கது. இக்கணிதத்தை நாட்டார் தமது உடைமையாகவே கொண்டனர் என்பதற்கு அது சான்று.

கதையினின்று வரலாற்றுக்கு வருவோம். கி.பி. 683இல் ஹரிதத்தர் என்பார் பரஹிதம் என்னும் கணித முறையை வகுத்தார். பாலக்காட்டைக் கடந்து மேற்கே ஓடும் பாரதப்புழையின் கரையில், திருநாவாயில், மாமாங்க விழாவின்போது அது அரங்கேறியது என்பது மரபு. பரஹிதம் என்றால் பிறர் நலம் என்று பொருள். எளியோரும் கையாளத்தக்க கணக்கு என்ற குறிப்பு அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. எண்களை எழுத்துகளாக மாற்றி எழுதும் கடபயாதி முறையை நாம் தெளிவாகக் காண்பதும் அவருடைய நூலிலேதான். க, ட, ப, ய என்னும் எழுத்துகளில் தொடங்கும் வரிசைகளுக்கு ஒன்று முதலாக எண்கள் உரியன. உயிர் எழுத்துக்கு மதிப்பில்லை. கூட்டெழுத்தில் இறுதி மெய்க்கே மதிப்பு. எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். 'கலாநில' என்பது ஒரு சொல். க ஒன்று, ல மூன்று, ந சுழி, மீண்டும் ல மூன்று. வலமிருந்து படித்தால் 3,031. அவ்வாறே 'தேவேந்திர' என்பது 248. 'ரசகைரிக' என்பது 12,372. பார்வைக்கு இவை வெறும் சொற்கள், அறிந்தவருக்கு எண்கள். ஏட்டில் ஓர் எண்ணைப் பிழையாகப் பெயர்த்தெழுதினால் பிழை தெரியாது. சொல்லைப் பிழையாக எழுதினால் பொருள் கெட்டுப் பிழை தானே புலப்படும். மனத்தில் நிறுத்துவதற்கும் எண்ணைவிடச் சொல் எளிது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைப் பாட்டாகக் கூவி நெஞ்சில் பதித்த நம் முன்னோருக்கு இந்த உண்மை புதிதன்று.

அம்மூன்று எண்களும் மனம்போனபடி எடுத்தவை அல்ல. நிலவின் வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகிறது. ஒன்பது முறை அது சுற்றி முடிக்கும்போது 248 நாட்கள் ஆகின்றன. பிழை கால் மணி நேரத்துக்கும் குறைவு. 110 சுற்றுகள் 3,031 நாட்களிலும், 449 சுற்றுகள் 12,372 நாட்களிலும் முடிகின்றன. எனவே 248 நாட்களுக்கு நிலவின் இருப்பிடத்தை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், எந்நாளைக்கும் அதுவே உதவும். அந்த 248 விடைகளையும் 248 சிறு வாக்கியங்களாக ஆக்கி மனப்பாடம் செய்தனர். முதல் நாள் வாக்கியம் பன்னிரண்டு பாகை மூன்று கலையைத் தரும். கடைசி நாள் வாக்கியம் இருபத்தேழு பாகை நாற்பத்து நான்கு கலையைத் தரும்.

கணக்கிடுபவர் செய்ய வேண்டுவது இவ்வளவே. குறித்த ஒரு தொடக்க நாளிலிருந்து இன்றுவரை சென்ற நாட்களை எண்ணுகிறார். அவை 20,000 நாட்கள் என்று கொள்வோம். அதில் 12,372 ஒருமுறை போகும், மீதி 7,628. அதில் 3,031 இருமுறை போகும், மீதி 1,566. அதில் 248 ஆறுமுறை போகும், மீதி 78. ஆகவே எழுபத்தெட்டாம் வாக்கியத்தை நினைவுகூர்ந்து, முன்பு கழித்த சுற்றுகள் ஒவ்வொன்றுக்கும் உரிய சிறு தொகையைக் கூட்டினால் நிலவின் இடம் கிடைத்துவிடும். வகுத்தல், கூட்டல், நினைவு ஆகிய மூன்றுமே இதற்குப் போதும். கோணத்தின் இயல்பும் வட்டத்தின் நுட்பமும் அறிய வேண்டுவதில்லை. கடினமான கணக்கு ஒருவரால் ஒருமுறை செய்யப்பட்டுவிட்டது. எளிய கணக்கு ஆயிரம் பேரால் ஆயிரம் ஆண்டு செய்யப்படலாம்.

எழுதுகோலும் வேண்டாதிருந்தது. தரையில் பலகறைகளைப் பரப்பி, கூட்டவேண்டிய இடத்தில் சேர்த்தும், கழிக்கவேண்டிய இடத்தில் எடுத்தும் கணக்கிட்டனர். இதனை நேரில் கண்டு வியந்தவர் லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானநூலார். வெள்ளி கதிரவனைக் கடப்பதைக் காண்பதற்காக அவர் புதுச்சேரியில் தங்கியிருந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்நாள் வந்தபோது வானை மேகம் மூடிக்கொண்டது. ஆனால் காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணிதர்களின் முறையை அவர் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழர் முறையில் கணித்துப் பார்த்தபோது, அது நீடித்த காலம் உண்மையைவிட 41 விநாடி குறைவாக வந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் சிறந்தவையாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி மிகுதியாகக் காட்டின. தொலைநோக்கியும் அச்சிட்ட அட்டவணையும் உடைய நாட்டவர் ஒருவர், பலகறைக்காரர் முன் தலைவணங்க வேண்டியதாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணிபுரிந்த ஜான் வாரன் என்னும் படைத்தலைவர், நம் காலக்கணிதத்தைப் பற்றிக் 'கால சங்கலிதம்' என்ற பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்தார். வாரன் தம் காதில் விழுந்தவாறு 'சாமி நாடன் சசியா' என்று அவர் பெயரை எழுதிவைத்திருக்கிறார். அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் பலகறைகளைத் தரையில் வைத்து, மனப்பாடமான சொற்களின் துணைகொண்டு கணித்துக் காட்டினார். ஏட்டையோ தாளையோ அவர் நாடவில்லை. தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம். நடு நேரத்தில் இருபத்து மூன்று நிமிடம். முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம். இம்முறையின் கோட்பாட்டை அவர் அறியார் என்றும் வாரன் குறித்துள்ளார். இவர் செய்தது அறியாமையா, அறிவா என்று கேட்கத் தோன்றும்.

அவ்வினாவுக்கு 127 ஆண்டுகளுக்குப் பின் ஒருவகையில் விடை கிடைத்தது. அமெரிக்காவில் பணியாற்றிய ஆட்டோ நியூகபௌர் என்னும் பேரறிஞர், பாபிலோனியரின் களிமண் ஏடுகளைப் படித்து வானநூல் வரலாற்றைத் திருத்தி எழுதியவர். தமிழ் வானநூலைப் பற்றி 1952இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 248 நாள் சுற்று பாபிலோனிய ஏடுகளிலும், 248, 3,031 ஆகிய இரு சுற்றுகளும் உரோமர் ஆண்ட எகிப்தில் எழுதப்பட்ட கிரேக்கத் தாள்களிலும் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். மேலைநாடுகளில் அந்த முறை மண்ணுக்குள் புதைந்து, தோண்டி எடுத்தபின்பே அறியப்பட்டது. புதுச்சேரித் திண்ணையிலோ அது 1825இல் உயிரோடு இருந்தது. சுற்றுகளை முதலில் கண்டவர் நாமே என்று நாம் பெருமை கொள்ள இடமில்லை. அவற்றைச் சொல்லாக்கி, பலகறையாக்கி, எழுத்து வல்லாருக்கும் அல்லாருக்கும் பொதுவாக்கி, அறுபடாமல் காத்தது நம் கணிதரின் அருஞ்செயல்.

மற்றொரு திசையிலிருந்தும் இதனை நோக்கலாம். இன்றைய கணினியின் அடிப்படைக் கருத்தை 1936இல் வகுத்த ஆலன் டூரிங், தம் கட்டுரையில் முதலில் ஒரு மனிதரையே நினைத்துப் பார்த்தார். கட்டமிட்ட தாளும் எழுதுகோலும் உடைய ஒருவர்; அவர் கையில் தெளிவான விதிகள்; விதியின் பொருளை அவர் அறியவேண்டியதில்லை, தவறாமல் பின்பற்றினால் போதும்; விடை வந்துவிடும். இத்தகையவர் செய்வதை ஒரு பொறியும் செய்யலாம் என்பதே அவர் காட்டிய உண்மை. புதுச்சேரிக் கணிதரை டூரிங் அறிந்தார் என்று சொல்ல எந்த இடமும் இல்லை. ஆயினும் டூரிங் கற்பனையில் கண்ட மனிதர், நம் ஊர்த் திண்ணையில் பலகறையோடு அமர்ந்திருந்தார். விதியை ஆக்குவது ஒரு தொழில், விதிப்படி நடத்துவது மற்றொரு தொழில் என்று இரண்டையும் பிரித்ததே வாக்கிய முறையின் உயிர்நாடி. இன்றைய கணினி உலகமும் அப்பிரிவின் மீதே நிற்கிறது.

அந்தப் பிரிவில் ஓர் இடரும் உண்டு. நடத்துபவர் விதியின் காரணத்தை மறந்துவிட்டால், விதி பிழைபடும்போது அவரால் அறிய முடியாது. நிலவும் கோள்களும் நம் சுற்றுகளுக்கு அடங்கி நடப்பவை அல்ல. சிறு பிழைகள் ஆண்டுதோறும் சேர்ந்து பெரும்பிழையாகும். ஆகவே ஆக்குபவர், நடத்துபவர் என்னும் இருவரோடு மூன்றாமவர் ஒருவரும் வேண்டும். அவர் வானை அண்ணாந்து பார்ப்பவர். பாரதப்புழைக் கரையில் அவ்வாறு பார்த்தவர் வடசேரிப் பரமேசுவரர். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த அவர், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் கண்ணால் கண்டு, பரஹிதம் தரும் விடையோடு ஒப்பிட்டார். வேறுபாடு தெரிந்தபின் 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வெளியிட்டார்.

இப்பெயரை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். திருக்கணிதம் என்றவுடன் தெய்வத்தன்மை வாய்ந்த கணிதம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அச்சொல்லின் முதற்பகுதி 'த்ருக்' என்னும் வடசொல். பார்வை என்பது அதன் பொருள். கண்ணால் கண்டு ஒத்துப்பார்த்த கணிதமே திருக்கணிதம். பரமேசுவரர் பழையதை இகழவில்லை. மலையாள நாட்டார் விழா, சடங்கு ஆகியவற்றுக்குப் பரஹிதத்தையும், கிரகணம், சாதகம் ஆகியவற்றுக்குத் திருக்கணிதத்தையும் கொண்டனர். ஒன்றை ஒன்று அழிக்காமல் இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன.

பரமேசுவரருக்கு முன்பே வாக்கியங்களைக் கூர்மைப்படுத்தியவர் சங்கமகிராமத்து மாதவர். ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்தவர். பழைய வாக்கியங்கள் கலை அளவில் நின்றன. மாதவர் அவற்றை விகலை அளவுக்குத் திருத்தினார். நிலவின் இடத்தைப் படிப்படியாக அறியும் அவருடைய நூலுக்கு வேண்வாரோகம் என்று பெயர். மூங்கிலில் ஏறுதல் என்பது பொருள். கணுக்கணுவாக ஏறுபவனுக்குக் கால் வைக்க இடம் கிடைப்பதுபோல, ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்கு ஏறிச் செல்லலாம். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை முடிவில்லாத தொடராக எழுதி, பதினோரு தசம இடங்கள் வரை சரியாகக் கண்டவரும் அவரே. அதே தொடரை ஐரோப்பாவில் லைப்னிட்சு கண்டது 1670களில். பஞ்சாங்கத்தின் தேவையே இத்தகைய உயர்கணிதத்துக்கு அவரை உந்தியது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வறிவு மலைக்கு மேற்கே மட்டும் தங்கிவிடவில்லை. காஞ்சிப் பகுதியில் 1300ஆம் ஆண்டளவில் 'வாக்கியகரணம்' என்னும் நூல் எழுந்தது. தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கு அதுவே அடிப்படை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டுச் சுந்தரராசர் அதற்கு உரை வகுத்தார். 1444இல் பிறந்து, 'தந்திரசங்கிரகம்' இயற்றிய நீலகண்ட சோமயாஜி அப்போது மலையாள நாட்டில் வாழ்ந்தார். அவர் பரமேசுவரரின் மகன் தாமோதரரிடம் பயின்றவர். சுந்தரராசர் தம் ஐயங்களை நீலகண்டருக்கு எழுதினார். நீலகண்டர் விடை எழுதினார். அச்சகமும் அஞ்சலகமும் இல்லாத காலத்தில், மொழியும் அரசும் வேறான இரு நாட்டார், நிலவின் இருப்பிடத்தைப் பற்றி மலைக்கு இருபுறமும் நின்று உரையாடினர். எல்லை என்பது கணிதர்க்குச் சுவராக இருக்கவில்லை, வாயிலாகவே இருந்தது.

இத்தகையோரை உலகம் எவ்வாறு மறந்தது? மலபாரில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரி சார்ல்சு விஷ், தந்திரசங்கிரகம் முதலிய நான்கு நூல்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1834இல் இலண்டனில் அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே அவர் இறந்துவிட்டார். அக்கட்டுரையைப் படித்தவர் பலர் நம்பவில்லை, பின்னர் மறந்தனர். நூறாண்டுகளுக்குப் பின், 1940களில், சென்னைக் கணிதப் பேராசிரியர் சி. டி. ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் அத்தொடர்களை மீண்டும் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். வாக்கியகரணத்தைச் சுந்தரராசரின் உரையோடு டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பிக்க, சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962இல் வெளியிட்டது. கே. வி. சர்மா 2005இல் மறையும் வரை ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்துக்கொண்டே இருந்தார். மறதியிலிருந்து மீட்பதும் கணிப்பதைப் போன்ற ஒரு பொறுமையான தொழிலே.

தமிழகத்தில் பார்வைக்கு மீண்டும் இடம் தந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளரான அவர், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். தொலைநோக்கியால் அறிந்த உண்மையோடு இசையுமாறு திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1880இல் அவர் மறைந்தார். அன்று தொடங்கிய வாக்கியம், திருக்கணிதம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2023ஆம் ஆண்டு சனிப்பெயர்ச்சி திருக்கணிதத்தின்படி சனவரி 17ஆம் நாள். வாக்கியத்தின்படி திசம்பர் 20ஆம் நாள். திருநள்ளாற்றில் விழா நடந்தது பின்னைய நாளில். ஒரே கோளுக்கு ஏறத்தாழ பதினொரு மாத வேறுபாடு. வெளிமாநிலத்தில் இரு பஞ்சாங்கமும் கைக்கு வரும் குடும்பம் இதனால் திகைப்பது இயல்பே.

ஆனால் வேறுபாடு யாவும் பிழை அல்ல. 2023இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் நாளும், விஷு 15ஆம் நாளும் வந்தன. இடுக்கித் தேயிலைத் தோட்டத்து லயங்களில் அடுத்தடுத்து வாழும் தமிழரும் மலையாளியரும் அடுத்தடுத்த நாட்களில் ஆண்டு பிறப்பைக் கொண்டாடினர். கதிரவன் மேட ராசியில் புகும் நேரம் இருவர்க்கும் ஒன்றே; அன்று அது பிற்பகலில் நேர்ந்தது. சூரியன் மறைவதற்குள் புகுந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழர் விதி. பகலின் பதினெட்டு நாழிகைக்குள் புகுந்தால்தான் அன்று பிறப்பு, இல்லையேல் மறுநாள் என்பது மலையாள விதி. வானத்தைப் பற்றி அவர்களுக்குள் பூசல் இல்லை. நாளின் வரம்பைப் பற்றிய வழக்கம் மட்டுமே வேறு. எது கணக்கின் பிழை, எது வழக்கின் வேறுபாடு என்று பிரித்தறிந்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

சுதந்திர இந்தியாவின் அரசும் இப்பணியில் இறங்கியது. மேகநாத சாகாவின் தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22ஆம் நாள் முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழும் வானொலிச் செய்தியும் அதன் தேதியைக் குறிக்கலாயின. ஆயினும் மக்களின் விழாக்கள் பழைய கணக்கின்படியே நடந்து வருகின்றன. சட்டத்தால் மாற்ற இயலாத இடத்தில் இந்தப் பெயரறியாக் கணிதர்கள் வேரூன்றியிருக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

இம்முன்னோடிகளுக்கு நாம் செய்யும் மரியாதை யாது? அவர்கள் தந்த எண்களை மாற்றாமல் காப்பதே மரியாதை என்பர் சிலர். பழமை என்று தள்ளிவிடுவதே அறிவு என்பர் வேறு சிலர். இரண்டும் அவர்கள் நடந்த வழி அன்று. ஹரிதத்தர் தமக்கு முந்திய கணக்கைத் திருத்தினார். மாதவர் வாக்கியத்தைத் திருத்தினார். பரமேசுவரர் பரஹிதத்தைத் திருத்தினார். திருத்தியவர் எவரும் முன்னோரை மறுக்கவில்லை. முன்னோர் கணக்கின் மேல் நின்றே அடுத்த கணுவுக்கு ஏறினர். எளியவர் கைக்கு எட்டுமாறு விதியை அமைப்பது, விதியைச் சோர்வின்றி நடத்துவது, விதி வானத்தோடு ஒத்திருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பது என்னும் மூன்றுமே அவர்கள் விட்டுச்சென்ற செல்வம்.

இன்று கைப்பேசியைத் தொட்டுத் திதியை அறியும் நாம் ஒவ்வொருவரும், புதுச்சேரிக் கணிதரின் நிலையில்தான் இருக்கிறோம். விடை நம் கையில். அதன் காரணமோ பிறர் அறிவில். அவருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் 248 வாக்கியங்களை நெஞ்சில் சுமந்தார். நாம் ஒன்றையும் சுமப்பதில்லை. சுமை குறைந்ததில் தவறில்லை. அந்த ஓய்வை நம் பிள்ளைகளுக்கு வானைக் காட்டுவதில் செலவிட்டால் நன்று. சித்திரா பௌர்ணமியன்று மாலை, தில்லியாயினும் மும்பையாயினும், மாடியில் நின்று கீழ்வானை நோக்கலாம். மங்கலதேவி மலையில் மக்கள் கூடும் அதே நாளில், அதே நிலவு அங்கும் எழும். இந்நாளில் இது முழுநிலவாகும் என்று முன்கூட்டியே சொன்னவர் யார் என்று பிள்ளைகள் கேட்பார்களாயின், பாரதப்புழைக் கரையையும் பலகறைகளையும் பற்றி அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் செய்தி இருக்க வேண்டும்.